பெயருக்குப் பிறகுதான் பாட்டு

அவரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஏன் எழுதவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை அவர் சிஞ்ஞோரா, இத்தாலிய மொழியில் அம்மணி. அவர் வீட்டில் வேலை செய்த காலம் முழுக்க நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அது அவருக்குத் துப்புரவாகப் பிடிக்காது.

2003இல் அந்த வேலைக்குப் போனேன். பலெர்மோவில், வியா மக்வேதாத் தெருவிலிருந்து கபோ சந்தைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. முன்பு அங்கே வேலை செய்த மொரீசியஸ்காரப் பெண் ஊருக்குத் திரும்பும்போது அந்த இடத்தை எனக்குக் கைமாற்றிவிட்டாள். அமெரிக்கக் கிழவி, முந்திப் பாடகியாம், ஆள் தங்கம், பாடச் சொல்லி மட்டும் கேட்டுவிடாதே என்று எச்சரித்துத்தான் விட்டாள். அமெரிக்கக்காரி என்றதும் ஒரு வெள்ளைக்காரியை நினைத்துக்கொண்டு படியேறினேன். கதவைத் திறந்தவர் என்னைவிடக் கறுப்பு, என் கணவரைவிட உயரம். காலை எட்டு மணிக்கே உதட்டுக்குச் சாயம் பூசி, தோடு போட்டு, எங்கோ புறப்பட நிற்பவர் போல நின்றார். இடுப்பெலும்பு தேய்ந்து, ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடப்பவர் என்பதும், படியிறங்குவது வருஷத்தில் ஓரிரு தடவைதான் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

முதலில் தண்ணீர் தந்தார். பிறகு பெயரைக் கேட்டார். கந்தையா என்றேன்.

இதை விளக்க வேண்டும். எங்கள் வழக்கத்தில் அப்பாவின் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். அதை கொஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில், என் வதிவிட அனுமதியான பெர்மெசோவில் ஏற்றியபோது அப்பாவின் பெயரே என்னைக் கூப்பிடும் பெயராகிவிட்டது. அன்றிலிருந்து டாக்டரிடம், தபால் கந்தோரில், வேலை செய்த வீடுகளில் எல்லாம் நான் கந்தையா. என் அப்பா யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் பாண் விற்றவர். பலெர்மோவில் அவருடைய பெயரால் எத்தனை வீட்டுக் கக்கூஸ் கழுவப்பட்டது என்று தெரிந்திருந்தால் மனுசன் நொந்து போயிருப்பார்.

சிஞ்ஞோரா விடவில்லை. நாங்கள் இருவரும் கதைத்தது இத்தாலிய மொழியில்தான். ஆனால் அவர் சொன்னவை என் காதில் எங்கள் பேச்சாகவே தங்கிவிட்டன, அப்படியே எழுதுகிறேன்.

“அது உன்ர கொப்பற்ற பெயர் எல்லோ. உன்ரை எது?”

மலர் என்றேன். அதை இரண்டு மூன்று தடவை வாய்க்குள் உருட்டிப் பார்த்து, சரியாக வந்ததும் தலையாட்டினார். அந்த நகரத்தில் எங்கள் சனத்துக்கு வெளியே என்னை மலர் என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்.

பதிலுக்குத் தன் பெயரைச் சொன்னார். முன்பாதி, பின்பாதி இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், முன்னால் பின்னால் ஒட்டு எதுவும் கூடாது என்றார். எனக்கு வாய் வரவில்லை. என் அம்மாவைவிட மூத்தவர், எழுபது தாண்டியவர். அப்படிப்பட்ட ஒருவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்களில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். அன்ரி என்று சொல்லிப் பார்த்தேன். அர்த்தம் கேட்டார். அம்மாவின் தங்கச்சி என்றேன். உன்ர அம்மாவை எனக்குத் தெரியாது என்றுவிட்டார். கடைசியில் சிஞ்ஞோராவில் வந்து நின்றது. அதை நான் சொல்லும்போதெல்லாம் உதட்டை ஒரு பக்கமாகச் சுழிப்பார். ஒரு நாளும் அந்தச் சுழிப்புத் தவறியதில்லை.

இன்று உலகம் முழுக்க ஆடும் பாட்டுகளுக்கு முன்னால், அமெரிக்காவின் தெற்கில் கறுப்புச் சனங்கள் வார முடிவில் ஆடுவதற்கென்று ஒரு பாட்டு இருந்ததாம். ரிதம் அண்ட் புளூஸ் என்பார்கள். அது பிறந்து தவழ்ந்த காலத்தில் பாடியவர்களில் சிஞ்ஞோராவும் ஒருவர். பதினாறு வயதில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது தகப்பன் வைத்த பெயரைத் தகப்பனோடேயே விட்டுவிட்டு, தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். முதல் இசைத்தட்டு வந்தது. அதில் வாத்தியக்குழுத் தலைவனின் பெயர் பெரிதாக இருந்தது. பாடியவள் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. இரண்டாவதில் பெயர் வந்தது. ஆனால் விளம்பரத்தில் போட்ட படம் வேறு ஒரு பெண்ணுடையது, நிறம் கொஞ்சம் வெளிறியவள். பிறகு அதே பாட்டை ஒரு வெள்ளைக்காரப் பெட்டை பாட, வானொலிகள் அதைத்தான் போட்டன. இவ்வளவையும் சிஞ்ஞோரா கத்தரிக்காய் பொரித்துக்கொண்டே, சந்தை விலை சொல்லுகிற குரலில் சொல்லுவார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டம். பாட்டுக்கு முன்னால் யாராவது ஒருவர் சனத்தின் முன் எழுந்து நின்று அவர் பெயரை வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் பாடுவார். சொல்லாவிட்டால் வாயைத் திறக்கமாட்டார். தெற்கில் ஒரு ஊர் மண்டபத்தில் நடுவே கயிறு கட்டி, வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் மற்றப் பக்கம் என்று ஆட விட்டிருந்தார்களாம். மண்டபக்காரன் மேடையேறி, இந்தப் பெட்டை இப்போது பாடும் என்றான். இவர் மைக்கின் முன்னால் பேசாமல் நின்றார். சனம் கூச்சல் போட்டது. பிறகு போத்தல் பறந்து வந்தது. இடது புருவத்துக்கு மேலே அந்த வடு இருந்தது. தலை துடைத்துவிடும்போது என் விரல் அதில் படும்.

பலெர்மோவுக்கு ஒரு குழுவோடு பாட வந்தவர்தான். ஒரு காலை ஹோட்டலில் எழும்பிப் பார்த்தால் கூட்டிவந்தவனைக் காணவில்லை. ஊர் திரும்ப வழியில்லாமல் நின்றவரை மொந்தெல்லோக் கடற்கரை மண்டபத்தில் பியானோ வாசித்த ஒருவர் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு கோடையிலும் அந்த மனிதர் பியானோவை விட்டு எழுந்து நின்று, இவருடைய பெயரை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாராம். அதுக்காகத்தான் அவரைக் கட்டினன் என்பார் சிஞ்ஞோரா. அந்தப் பியானோக்காரர் இறந்து சில வருஷம் கழித்துத்தான் நான் வேலைக்கு வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. ஆகவே பாட்டும் இல்லை.

கீழே கபோவில் ஒரு மீன்காரன் இருந்தான். காலையில் அவன் கத்தத் தொடங்கினால் எங்கள் யன்னல் அதிரும். சிஞ்ஞோராவுக்கு அவனில் தனிப் பிரியம். “கேள், மீனுக்குக்கூடப் பெயரைச் சொல்லிப்போட்டுத்தான் விலை சொல்லுறான்” என்பார். கயிற்றில் கூடையைக் கட்டி இறக்கி, தேவையில்லாத நாளிலும் அவனிடம் மத்தி வாங்குவார். அதைத் துப்புரவாக்குகிறவள் நான்.

2005இல் என் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. பிரான்காச்சோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பட்டறையை மண்டபமாக்கி வைத்திருந்தார்கள். சிஞ்ஞோராவை அழைத்தேன். படியிறங்கி, டாக்சியில் ஏறி வந்தார். என் கணவர் உணவகமொன்றில் பாத்திரம் கழுவுகிறவர், ஆனால் மைக்கைக் கண்டால் மனுசன் வேறு ஆள். அன்றைக்கு அவர்தான் அறிவிப்பாளர். என்னைக் கேட்காமலே, அடுத்து அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் எங்கள் அன்பு அம்மா ஒரு பாடல் பாடுவார் என்று அறிவித்துவிட்டார். சனம் கை தட்டியது. சிஞ்ஞோரா மடியில் ரோல்ஸ் பலகாரத் தட்டை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். கணவர் மறுபடியும் அறிவித்தார், இந்தமுறை அம்மாவுக்கு முன்னால் இன்னும் நாலு மரியாதைச் சொல் சேர்த்து. அவர் அசையவில்லை. கை தட்டல் மெல்ல மெல்ல ஓய்ந்து, யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. கணவர் அவசரமாகப் பாட்டுப் பெட்டியைப் போட்டார். பெரிய எடுப்புக்காரி என்று ஒரு கிழமைக்கு என்னோடு சண்டை பிடித்தார். எனக்கும் அன்றைக்கு வெட்கமாகத்தான் இருந்தது. மரியாதை என்று நாங்கள் அடுக்குகிறதெல்லாம் அவருக்குப் பெயரை மூடுகிற துணி என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

தண்ணீர்க் கதை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வீட்டுக்கு யார் வந்தாலும், மின்சாரக் கட்டணம் பார்க்க வருகிறவன் என்றாலும், முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர். எங்கள் ஊர் வழக்கம் போல இருக்கிறதே என்று ஒருநாள் சொன்னேன். அப்போதுதான் சொன்னார். அந்த இரண்டாவது இசைத்தட்டுக்குப் பாடப் போன நாள் கொதிக்கிற வெயில். காலையிலிருந்து பின்னேரம் வரை பேருந்துப் பயணம். வழியில் நின்ற கடைகள் ஒன்றிலும் கறுப்பருக்குத் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள். இறங்கி நேரே ஒலிப்பதிவு அறைக்குப் போனார். மூன்றாவது அடியில் ஒரு உயரமான இடம். அங்கே குரல் உடைந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொருமுறை பாடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். நேரமில்லை, இது போதும் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த உடைவோடேயே தட்டு வெளிவந்தது. உலகம் அந்த உடைவைத்தான் கொண்டாடியது. மேடையில் அவர் ஒருநாளும் அதை உடைத்துப் பாடியதில்லை.

இதைவிடக் கொடியது ஒன்று இருந்தது. அதை அவர் ஒரேயொரு தடவைதான் சொன்னார், சொல்லிவிட்டு வெகுநேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அமெரிக்காவில் பாடிய வாத்தியக்குழுவைவிட்டு விலகிய பிறகு, அதன் ஏற்பாட்டாளன் வேறொரு பெட்டையைப் பிடித்து, இவருடைய பெயரைக் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினான். படம்தான் ஏற்கெனவே பொய்யாயிற்றே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பெட்டை ஒரு பேருந்து விபத்தில் செத்துப்போனாள். பத்திரிகையில் இவர் செத்ததாக வந்தது.

“என்ர பெயரைச் சொல்லி அவளைக் குழியில தாட்டாங்கள். அவளின்ர பெயர் எனக்கே தெரியாது, மலர்.”

2007 கோடையில் மிலானோவிலிருந்து ஒருவன் வந்தான். மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை, ஒருவன் என்றே எழுதுகிறேன். பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்க்கிறவன். அந்தக் காலத்துப் பாட்டுகளைத் தொகுத்து, ஒரு புத்தகத்தோடு குறுவட்டுகளாக வெளியிடப்போகிறானாம். அவனுடைய புத்தகத்திலும் அந்தப் பெயருக்குரியவள் பேருந்தில் செத்தவள். அவள் பலெர்மோவில் உயிரோடு இருக்கிறாள் என்று மொந்தெல்லோவில் யாரோ ஒரு பழைய வாத்தியக்காரர் சொல்லக் கேட்டு, சரிபார்த்துவிட்டுப் போக வந்திருந்தான்.

அவன் தொலைபேசியில் பேசிய நாளிலிருந்து சிஞ்ஞோரா சரியாகச் சாப்பிடவில்லை. பேரும் புகழும் அவர் கேட்கவில்லை. “நான் சாகேல்லை எண்டு எழுதினாக் காணும். அப்ப செத்தது வேறை ஆரோ எண்டாவது சனம் யோசிக்கும்” என்றார். அவர் வாய்விட்டு ஒன்றை ஆசைப்பட்டது எனக்குத் தெரிய அது ஒன்றுதான்.

நான் கொண்டுபோய் வைத்த தண்ணீரை அவன் தொடவில்லை. ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து, கேள்வி கேட்டான். சிஞ்ஞோரா சொன்னதெல்லாம் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியவைதான் என்றான். பாஸ்போர்ட்டைப் பார்த்தான். அதில் தகப்பன் வைத்த பெயர். படத்தைப் பற்றிக் கேட்டால் படமே வேறொருத்தியுடையது. அந்தத் தட்டில் கூட வாசித்தவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. கடைசியில், அந்தப் பாட்டைப் பாடுங்கள், குரலை ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்றான்.

பெயரைச் சொல்லு, பாடுகிறேன் என்றார் இவர்.

அவன் சிரித்தான். பெயரைச் சொன்னால் நான் ஒத்துக்கொண்டதாகிவிடும், முதலில் பாடுங்கள், நீங்கள்தான் என்று தெரிந்தால் நூறு தடவை சொல்லுகிறேன் என்றான். நியாயமாகப் பேசுகிற ஆள்தான். ஆனால் அந்த நியாயத்தில் இவருக்கு நுழைய வாசல் இல்லை. சிஞ்ஞோரா கைகளைக் கட்டிக்கொண்டார். அவன் வயர்களைச் சுருட்டத் தொடங்கினான்.

நான் குசினி வாசலில் நின்றேன். அவன் படியிறங்கினால் இவர் நிரந்தரமாகச் செத்தவர். என் கணவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதுபோல அறையின் நடுவில் போய் நின்றேன். அந்தப் பெயரைச் சொன்னேன். முன்பாதி, பின்பாதி, முன்னால் பின்னால் ஒன்றுமில்லாமல். மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி உடம்பெல்லாம் நடுங்கியது.

சிஞ்ஞோரா என்னைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். அவன் முன்னாலேயே, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு ஊன்றுகோலை விட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பாடினார்.

எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, சங்கீதம் அதுவுமில்லை. ஆனால் நாலு வருஷம் அந்த வீட்டில் தூசி தட்டியவளுக்கு, அந்த உடம்புக்குள் இப்படியொன்று இருந்தது தெரியாமல் போயிற்றே. கரகரத்த குரல்தான், வயது தெரிந்தது. எதிர்வீட்டில் யன்னலைத் திறந்தார்கள். மூன்றாவது அடி வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் சாய்ந்தான். எதற்குக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. சிஞ்ஞோராவுக்கும் தெரிந்தது. அவர் அந்த உயரத்துக்கு ஏறி, உடையாமல் நின்று, வேண்டிய அளவு நின்று, பிறகுதான் இறங்கினார்.

அவன் கருவியை நிறுத்தினான். இந்த வயதில் இப்படிப் பாடுவது பெரிய விஷயம், ஆனால் மன்னிக்க வேண்டும், அந்த இடம் இல்லை என்றான். அது அவளுடைய ஆத்மா உடைகிற இடம், ஒருமுறை அப்படிப் பாடியவளுக்கு வேறு மாதிரிப் பாட வராது என்றான்.

“அது தண்ணியில்லாத இடம்” என்றார் சிஞ்ஞோரா.

அவனுக்கு விளங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு வைத்த கிளாஸ் அப்படியே நிறைந்து இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவனில் பாதி, இவரில் பாதி. அவன் என்ன கேட்க வந்தான் என்று தெரியும்தானே, ஒருக்கால் அந்த இடத்தில் உடைத்துவிட்டிருந்தால் என்ன என்று கேட்டேன். அவர் சாயம் கலைந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“ஓம், எனக்குத் தெரியும். ஆனா நீ பெயரைச் சொல்லிப்போட்டாய் எல்லோ. என்ர பெயரைச் சொன்ன பிறகு பிழையாப் பாடச் சொல்லுறியோ?”

அடுத்த வருஷம் குறுவட்டும் புத்தகமும் தபாலில் வந்தன. மரியாதை தெரிந்தவன்தான், அனுப்பியிருந்தான். புத்தகத்தில் அவர் பேருந்தில் செத்தபடியேதான் இருந்தார். சிஞ்ஞோரா போடச் சொன்னார். தன் குரலை அவர் எத்தனை காலத்துக்குப் பிறகு கேட்டாரோ தெரியாது. மூன்றாவது அடி வந்தது, குரல் உடைந்தது. எனக்கு மயிர் கூச்செறிந்தது, அவன் சொன்னதில் தப்பில்லை. சிஞ்ஞோரா தன் பக்கத்திலிருந்த கிளாஸைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை.

“அந்தப் பெட்டைக்கு ஆரும் ஒரு வாய்த் தண்ணி குடுத்திருக்கலாம்” என்றார், வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல. அதற்குப் பிறகு அதைப் போடச் சொல்லவில்லை.

2009 வந்தது. அந்த வருஷம் எங்கள் வீடுகளில் தொலைபேசி அடித்தால் ஊரிலிருந்து யுத்தத்தில் செத்தவர்களின் பெயர்கள்தான் வந்தன. வீங்கிய கண்ணோடு வேலைக்குப் போவேன். யார் என்று கேட்பார். சொல்லுவேன். என் பெரியம்மாவின் மகன், என்னோடு படித்தவள். ஒவ்வொரு பெயரையும் சரியாக வரும்வரை என்னிடம் கேட்டுக் கேட்டுச் சொல்லிப்பார்ப்பார். அதே பதுங்குகுழியில் இன்னும் ஆட்களாம், யாரென்று தெரியாதாம் என்று ஒருநாள் சொன்னபோது, அந்தப் பேருந்துப் பெட்டையைச் சொன்ன நாள் போலவே யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இலையுதிர் காலத்தில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலில் எழுதியிருந்தது பாஸ்போர்ட்டிலிருந்த பெயர். தாதிமார் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. கூப்பிட்டால் உணர்வில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெயரைச் சொன்னால் கட்டாயம் திரும்புவார். ஆனால் சொன்னால் பாட வேண்டுமே. மூக்கிலும் வாயிலும் குழாய். அந்தக் கடனை அவர்மேல் எப்படி வைப்பது?

சிஞ்ஞோரா என்றேன்.

கண்ணைத் திறந்தார். குழாய்க்குப் பக்கத்தில் உதடு ஒரு பக்கமாகச் சுழிந்தது. அதே சுழிப்பு. வாயால் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று தலைமாட்டில் ஒட்டியிருந்தார்கள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். இரண்டு நாளில் போய்விட்டார்.

அடக்கத்துக்கு நானும் கணவரும் எதிர்வீட்டுப் பெண்ணும் மீன்காரனும் வந்தோம். பாதிரியார் பாஸ்போர்ட் பெயரை வாசித்தார். கல்லிலும் அதுதான். என் கணவர், எப்போதும் பேசுகிற மனுசன், மெதுவாக என் காதில் அவருடைய சரியான பெயர் என்னவென்று கேட்டார். அங்கே வைத்துச் சொல்லக்கூடாது என்றேன்.

அந்தக் குறுவட்டு என்னிடம்தான் இருக்கிறது. சிலவேளை வீட்டில் ஒருவரும் இல்லாதபோது போடுவேன். போடுவதற்கு முன்னால் குசினியின் நடுவில் நின்று அவர் பெயரை முழுதாகச் சொல்லுவேன். இப்போது நடுக்கமில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பொத்தானை அமத்துவேன்.

எழுத்தில் பாட்டு வராது. அதனால்தான் இங்கே பெயரை எழுதவில்லை.